இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து

நண்பனின் பாடப்பயிற்சிகளையும் நான்தான் எழுதினேன். இரண்டும் ஒரே கை என்று தெரிந்துவிடக்கூடாதே என்று அவனுடையதை இடப்பக்கம் சாய்த்து எழுதினேன். நாற்பத்தேழு வயதில், வழுக்கையோடு, இந்தக் கைவேலையில் எனக்குப் பெருமை வேறு.

திருவொற்றியூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் இருவரும் சமூக அறிவியல் ஆசிரியர்கள். ஆங்கில ஆசிரியர் ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. அஞ்சல் வழியில் ஆங்கிலப் பட்டம் வாங்கினால் அந்த இடம் கிடைக்கும். இருவர் வாங்கினால் மூத்தவருக்கு. பணியில் நான் அவனுக்கு ஆறு மாதம் மூத்தவன். கிடைக்காவிட்டால் ஓய்வுபெறும்வரை பத்தாம் வகுப்பில் பருவக்காற்றுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலையில் இருப்பவர் படிக்க முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் பணிப்பதிவேட்டில் ஏறாது. லீவு லெட்டர் கொடுத்தால்கூட, கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் ஆபீஸ் சீல் வாங்கி வைப்பவர்கள் நாங்கள். அன்று இருவரும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி முடித்ததும் அவன் கையை நீட்டினான்.

"குடு மாமு, ரெண்டையும் சேத்தே குட்த்துர்றேன். இந்தத் தொப்பைய தூக்கினு நீ மாடி ஏறணுமா?"

என் தொப்பைமேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

சில வாரத்தில் அவனுக்கு அனுமதி வந்தது.

"உன்துக்கும் வந்துகீது மாமு. ஃபைல்ல வெச்சுட்டாங்க."

நம்பினேன். ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போகும் பஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றுவிடும். நான் படிப்பேன், அவன் என் தோளில் தூங்குவான். இருவரும் தேறினோம்.

பட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றப் போனபோதுதான் தெரிந்தது, என் கடிதம் ஆபீசுக்கே வரவில்லை. ஆங்கில ஆசிரியரின் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். என் தோளில் மூன்று வருடம் தூங்கிய தலைக்குள் அந்தக் கடிதம் மட்டும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கேட்டேன்.

"மறந்துட்டேன் மாமு. இன்னா இப்போ? பட்டம் கீதுல்ல, வூட்ல மாட்டு."

பள்ளியில் மணியடிக்கும் அக்கா காசிமேட்டுக்காரர். சாயந்திரம் கேட்டைப் பூட்ட நின்றவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், சாய்ந்த கையெழுத்து உட்பட. ஒரு 'த்சொ'வாவது வரும் என்று பார்த்தேன்.

"அவுரு ஒண்ணும் மறக்கல சார்," என்றார். "நாலு மத்தி வாங்கினாலே செவுளத் தூக்கிப் பாக்குறோம். அவுரு எழுத்த எழுதினு கெடந்தியே, ஒன் லெட்டருக்கு ஒரு சீலு வாங்கினியா? நவுரு, கேட்ட பூட்டணும்."