மூன்று மாதம் நல்ல பிள்ளைகள்

எங்கள் சித்திக்கு நான் வைத்த பேர் 'சுவிட்ச் சித்தி'. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், தெருமுனையில் இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதற்காகவே குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வேன். "டேய் வாலு, உங்கப்பன் வீட்டுக் கரண்டா?" என்று கத்திக்கொண்டே வருவாள். உண்மையில் எங்கப்பன் வீட்டுக் கரண்ட்தான். சொன்னால் காதைத் திருகுவாள்.

மின்சார அலுவலகத்தில் பதினோரு வருஷம் மீட்டர் பார்த்தவள், அதை விட்டுவிட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்தாள். கம்பெனி என்றால் ஒரு மேசை, ஒரு ஓட்டை வேன், சித்தி. கரண்டைக் குடிக்கிற பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தன் செலவில் புதுசு மாட்டுவாள். வாடிக்கையாளருக்குக் கரண்ட் செலவு எவ்வளவு குறைகிறதோ அதில் அவளுக்கு ஒரு பங்கு. குறையாவிட்டால் கையை வீசிக்கொண்டு வரவேண்டியதுதான். "அடுத்தவன் வீட்டு எலிக்கு நம்ம காசுல பொறியா?" என்று கேட்டார் அப்பா.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. அதில் இருக்கிற கம்பெனிக்குத்தான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேலையெல்லாம். "இவங்களால் கரண்ட் குறைந்தது" என்று ஒரே ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டால் பட்டியலில் ஏறிவிடலாம். சித்திக்கு இருந்ததே ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைக்கிற சலவை ஆலை.

அங்கே பில் பக்கத்துக் கிடங்கோடு சேர்ந்து வரும்; ஆலைக்கு மட்டும் எவ்வளவு என்று பழைய பில்லில் தெரியாது. அதனால் முதல் மூன்று மாதம் ஒவ்வொரு மோட்டாருக்கும் மீட்டர் மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து குறித்தாள். பிறகு புது மோட்டார். மறுபடி மூன்று மாதம்.

குறையவேயில்லை.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டினாள், கம்பியை முகர்ந்துகூடப் பார்த்தாள். கடைசியில் உலர்த்தும் மெஷினில் நிற்கிற அக்காதான் போட்டு உடைத்தாளாம்.

"மேடம், மொதல்ல உங்களை மொதலாளி அனுப்பின ஒற்றன்னு நெனச்சோம். நோட்டும் கையுமா உக்காந்திருந்தீங்களா, பயத்துல ஒரு மெஷினைக்கூட வெறுமனே ஓட விடலை."

"இப்போ?"

"இப்பதான் நீங்க நம்ம ஆளுன்னு தெரிஞ்சுபோச்சே! டீ குடிக்கப் போனாலும் ஓடிட்டேதான் இருக்கும். நிறுத்தினா சூடேற அரைமணி. சூப்பர்வைசர் கத்துவார்ல?"

ஆக, 'முன்னாடி' என்று சித்தி குறித்து வைத்தது, அந்த ஆலை திறந்த நாளிலிருந்து ஒழுங்காக இருந்த ஒரே மூன்று மாதம். பழைய மோட்டார்களோ எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. மறுபடி அளக்கவும் வழியில்லை.

முதலாளியிடம் போய், முதல் கணக்கு தப்பு, வழக்கமாக இன்னும் அதிகம் செலவாகும் என்றாள்.

"எப்படி அதிகமாகும்? வெறும் மெஷினை ஓட விடுறாங்களா?" என்றார் அவர். "யார் யாருன்னு பேர் எழுதிக் குடும்மா. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு இப்பவே கையெழுத்துப் போடறேன்." பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டாராம்.

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றாள் சித்தி. ஆறு மாதம் அதே ஸ்டூலில் உட்கார்ந்தவள். யாருக்கு எந்த முழங்கால் வலி என்பது வரைக்கும் தெரியும்.

பட்டியலுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வேனைக் கழுவி, விற்க நிறுத்தினாள். திங்கட்கிழமை மறுபடி மீட்டர் பார்க்கப் போனாள், இந்தத் தடவை தினக்கூலிக்கு. புது மோட்டார்கள் இன்னும் அங்கே ஓடுகின்றன. வெறுமனே ஓடும்போதும் பழசைவிடக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கின்றன. அதைச் சொல்ல ஒரு காகிதம்தான் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்த எல்லா சுவிட்சையும் போட்டேன். மின்விசிறி, குளியலறை, மாடிப்படி, ஒன்று விடவில்லை. கதவுக்குப் பின்னால் காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

சித்தி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். விளக்கு எரிகிற மூன்று அறைகளையும் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிறகு நானே ஒவ்வொன்றாக அணைத்தேன், சுவிட்ச் சத்தம் கேட்காமல்.