கோழி என்றுதான் போட்டிருந்தது

முதலில் அரித்தது உள்ளங்கை. ஞாயிறு மதியம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஜாலான் புசாரில் தண்ணீர்க்குழாய் ஒன்று வாங்கிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் தெம்பனிஸ் வீட்டுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். அரிப்பு கழுத்துக்கு ஏறியது. உதடு தடித்தது. என் கணவர் சேகர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அடுத்த நிலையத்தில் இறங்கி, டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனோம்.

சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்ததால் பிரியாணியை யாரும் சந்தேகிக்கவில்லை. சில வாரம் கழித்து, மட்டன் சூப் குடித்த நாளில் மறுபடியும் அதேதான்.

ஒவ்வாமை மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். “வெளிநாட்டுல எங்கயாச்சும் உண்ணி கடிச்சுதா?” என்றார். ஆஸ்திரேலியாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒன்றைப் பிடுங்கிப் போட்டது நினைவுக்கு வந்தது. ரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது: ஆல்ஃபா-கால் ஒவ்வாமை (உண்ணி கடித்தபின், பாலூட்டிகளின் இறைச்சியில் உள்ள ஒரு சர்க்கரையை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வது). சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியுமாம். ஆடு, மாடு, பன்றி கூடாது. கோழி, மீன் சாப்பிடலாம்.

“கறிய விட்டுட்டா போதும்ல டாக்டர்?”

“கறிய விடுறது ஈசி. பாக்கெட்தான் கஷ்டம்.”

அவர் சொன்னது கடைக்குப் போனபோது புரிந்தது. மிட்டாயில், தயிரில், கேப்சூல் மாத்திரையின் கூட்டில்கூட ஜெலட்டின் (எலும்பு, தோலிலிருந்து எடுப்பது). பன்றி இல்லை என்ற வாசகமோ ஹலால் முத்திரையோ எனக்கு உதவாது. மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பால் எனக்கு ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் அப்படி இல்லை, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியைப் பார்த்த கண்ணோடு, சாயங்காலம் எறும்பு எழுத்தைப் படிப்பேன். பாதி நாள் எதையும் வாங்காமல் திரும்பினேன்.

“நீ உக்காரு லா. இந்த வாரம் நான் வாங்கிட்டு வரேன்,” என்றார் சேகர். கோழி சாசேஜ் வாங்கிவந்து, காலையில் அவரே பொரித்துக் கொடுத்தார். நானும் படிக்கவில்லை. ஒரு வேளையாவது படிக்காமல் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

மதியத்துக்குமேல் மூச்சு இழுத்தது. சனிக்கிழமை, நல்லவேளை அவர் வீட்டில் இருந்தார். மருத்துவர் கொடுத்திருந்த எபினெஃப்ரின் ஊசியை (கடும் ஒவ்வாமைக்கு உடனே தொடையில் போடுவது) எடுத்துவந்தார். சரியாகப் போட்டார்.

மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, “சிக்கன்னுதான் போட்டிருந்துச்சு மீனா. முன்பக்கம் பூரா படிச்சேன்,” என்றார். பின்பக்கத்தில், சாசேஜின் உறை மாட்டுக் கொலாஜன் (தோல், தசைநாரில் உள்ள புரதம்) என்று இருந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

“இனிமே நீயே படிச்சிரு. எனக்குப் பயமா இருக்கு.”

“இல்ல. ரெண்டு பேரும் படிப்போம். தனியா என்னால முடியல.”

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டையும் அவர் படித்து என்னிடம் நீட்டுகிறார், நான் படித்துத் தள்ளுவண்டியில் போடுகிறேன். ரத்தத்தில் ஒவ்வாமையின் அளவு குறைந்திருக்கிறதாம். மறுபடி உண்ணி கடிக்காவிட்டால் இன்னும் குறையலாம் என்கிறார் மருத்துவர். சரி என்று தலையாட்டினேன். எதிர்பார்ப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

நேற்று மதியம் மீன் குழம்போடு ஒரு புது வகை அப்பளம் சாப்பிட்டேன். கை கழுவி, துணி மடித்து, கொஞ்சம் படுத்து எழுந்தேன். விளக்குப் போடும் நேரத்தில் சேகர் வந்து, “ஒண்ணுமில்லையே?” என்றார். உள்ளங்கையைப் பார்த்தேன். உதட்டைத் தொட்டேன்.

“ஒண்ணுமில்ல.”

அப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்தது.