எண்பத்து மூன்று டிகிரியில் செத்துப்போன சென்சார்

1. மூன்றாவது தடவை

அந்தச் சாம்பல் நிறக் காரை மூன்றாவது தடவையாகக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்க அந்தோணி, இந்த வண்டிய என்னதானுங்க பண்றது?" என்று அத்தனை மரியாதையாகக் கேட்டார்.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் கோபம் வந்தால் கோபமாகவே வரும். இந்தக் கொங்கு மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் கொல்லாமல் கொல்லும். திருப்பூரில் பல்லடம் ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

மாஸ்டர் என்றால் ராமசாமி. நாலு காம்பவுண்டு தள்ளி இருக்கும் சாயப்பட்டறையில் லேப் மாஸ்டர். எந்தத் துணிக்கு எந்தச் சாயம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று முடிவு செய்கிறவர். வீடு சாமளாபுரத்தில். அவருடைய மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள்தான். முந்தின நாள் செக்கப்புக்குத் திருப்பூர் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், பழம் வாங்க நிறுத்திய இடத்தில் கார் திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. அரை மணி நேரம் அந்தப் பெண் வெயிலில் நின்றிருக்கிறாள்.

"டாக்சி சொல்லிக்கலாமே மாஸ்டர்?" என்றேன், தப்பிக்கிற ஆசையில்.

"அது எப்ப வந்து சேரும்னு யாருங்க கண்டா? ஊட்டு வண்டின்னா சாவியப் போட்டுக் கெளம்பீரலாம். வலியோட அவள ரோட்டுல நிறுத்தச் சொல்றீங்களா?"

சாவியை வாங்கிக்கொண்டேன்.

2. நான் செய்த தப்பு

கார் இருபது வருடத்துப் பழசு. கோளாறு இதுதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஓடிச் சூடானதும் கரும்புகை தள்ளும், பெட்ரோல் குடிக்கும். அந்தச் சூட்டில் ஆஃப் பண்ணினால் அரை மணி நேரத்துக்கு உயிர் வராது. நான் முதலில் பிளக் மாற்றினேன், அப்புறம் இக்னிஷன் காயில், அப்புறம் ஃபியூல் பம்ப். மூன்றும் தண்டம்.

டெம்பரேச்சர் சென்சார் மேல் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அந்த எஞ்சினில் அது இரண்டு. ஒன்று டேஷ்போர்டு முள்ளுக்கு, இன்னொன்று எஞ்சின் கம்ப்யூட்டருக்கு. முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறது என்பதற்காக இன்னொன்றும் நல்லது என்று நம்பும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கம்ப்யூட்டர் சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தேன். மின்தடை இரண்டு கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. கச்சிதம். பாஸ் போட்டுவிட்டேன்.

பிசகியது அங்கேதான். திருப்பூரில் வண்டியை எப்போது விடுவார்கள்? எட்டரை ஷிப்ட்டுக்கு முன்னால் பட்டறை வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடுவார்கள். முந்தின நாள் வண்டிகளை முடித்து நான் பானெட் திறக்கப் பதினோரு மணி ஆகும். அதற்குள் எஞ்சின் ஆறிவிடும். இத்தனை வருடமாக நான் பெரும்பாலும் ஆறிப்போன எஞ்சினைத்தான் பரிசோதித்திருக்கிறேன், அது எனக்கே உறைக்கவில்லை. கோளாறு வந்தால் டேஷ்போர்டில் எரியும் செக் லைட்டாவது காட்டிக் கொடுத்திருக்குமே என்பீர்கள். லைட் எரிகிறதே என்று பழைய ஓனர் யாரோ பல்பையே பிடுங்கி வைத்திருந்தார், மகராசன்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர், நான் பாத்துட்டேன்" என்று அன்றைக்கும் சாதித்தேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"போன தடவ வந்தப்ப, காலைல பதினோரு மணிக்கு."

"சூட்டுலயா, ஆறுனப்பறமா?"

"ஆறுனதும்தான்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, துணியப் பச்சத்தண்ணில முக்கி எடுத்துட்டு, சாயம் நல்லாப் புடிச்சிருக்குதுன்னு நானு சொன்னா ஒத்துக்குவீங்களா? சூட்டுல வர்ற கோளாறச் சூட்டுலதானுங்க பாக்கோணும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்பேனரை எடுத்தேன். இரண்டே நிமிடத்தில் சென்சாரைக் கழற்றிவிட்டேன்.

3. லேபில்

சாயப்பட்டறை லேபில் வாட்டர் பாத் என்று ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. அறுபது என்று வைத்தால் தண்ணீர் அறுபதில் நிற்கும், ஒரு டிகிரி முன்னே பின்னே போகாது. சென்சாரின் நுனியை மட்டும் முக்கி, மேலே மீட்டரின் இரண்டு ஒயரையும் மாட்டினேன். மாஸ்டர் சூட்டை ஏற்ற ஏற்ற நான் ஓம் கணக்கைச் சத்தமாகப் படித்தேன்.

நாற்பதில் ஆயிரத்துச் சொச்சம். அறுபதில் அறுநூறு. இந்தச் சென்சாருக்குச் சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும், ஒழுங்காகத்தான் இறங்கியது. எழுபது. எண்பதில் முந்நூறு. இதுவும் நல்லதென்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எண்பத்து மூன்றில் மீட்டரில் இருந்த எண் பட்டென்று மறைந்தது. ஓப்பன்! உள்ளே எங்கேயோ சூட்டில் விரிசல் விட்டுத் தொடர்பு அறுகிறது.

"போச்சு மாஸ்டர்! செத்துப் போச்சு!" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் கலர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். தண்ணீரை எழுபதுக்கு இறக்கினோம், எண் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றினோம், அதே எண்பத்து மூன்றில் மறைந்தது. நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம்.

தொடர்பு அறுந்ததும் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? எஞ்சின் ஊட்டிக் குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், பிளக் நனைந்துவிடும். அதுதான் கரும்புகை, அதுதான் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத மர்மம்.

புதுச் சென்சார் வாங்கி வந்தேன். மாட்டப் போனவனை மாஸ்டர் விடவில்லை.

"புதுசுன்னா நல்லதுன்னு யாருங்க சொன்னது? அதையும் போடுங்க தண்ணில."

தொண்ணூற்றைந்து வரை ஏற்றினோம். எண் ஓரிடத்திலும் மறையவில்லை. அப்புறம்தான் காரில் மாட்ட அனுமதி கிடைத்தது.

இப்போது என் பட்டறையில் ஒரு கெட்டிலும் தெர்மாமீட்டரும் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் நான் முதலில் கேட்பது, "கோளாறு வர்றப்ப வண்டி சூடா, ஆறி இருந்துச்சா?" என்பதுதான். இந்த வேலைக்கு வருகிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு நான் சொல்ல இருப்பதும் அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் காலை பத்தரைக்கு மாஸ்டர் போன் பண்ணினார். "அந்தோணி, பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"வண்டி?"

"வர்ற வழியில ஒரு கன்டெய்னர் லாரி கம்பெனிக்குள்ள ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்துச்சுங்க. ரோடு கால் மணி நேரம் அடைப்பு. நானு எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நின்னனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த நேரத்துல எதுக்கு மாஸ்டர் ஆஃப் பண்ணுனீக? புள்ள வலில கிடக்கப்பயா?"

"தொண்ணூத்தஞ்சு வரைக்கும் நாமதானுங்க பாத்தம்? அப்பறம் என்னங்க பயம்?"

போனை வைத்துவிட்டுப் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.