கட்டணம் குறைந்த பிறகு

என் கணவர் தொழிற்பேட்டையில் அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரும்பு கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவர் இறந்ததும் பட்டறை நின்றது. சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருந்த மகள், "அப்பா ஷெட்டையே கிளினிக் ஆக்கிருவோம்மா, உன்கூடயே இருந்துக்கிறேன்" என்று வந்துவிட்டாள். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

குத்தகை இரும்பு வேலைக்கு மட்டும். அதை வேறு தொழிலுக்கு மாற்ற அரசு கேட்ட கட்டணம் எங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. காத்திருந்தாள். ஒருநாள் அந்தக் கட்டணத்தை வெகுவாகக் குறைக்கப்போவதாக டிவியில் சொன்னார்கள். என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

"கவர்மெண்ட் ஆர்டர் கைக்கு வரட்டும்டி."

"நியூஸ்லயே சொல்லிட்டாங்க. நீ எல்லாத்துக்கும் பயப்படு!"

அந்த வாரமே எங்கள் சர்ச் பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. என் கணவர் படுக்கையில் கிடந்தபோது வீடு தேடி வந்து ஜெபித்து நன்மை அப்பம் கொடுத்தவர். அவர் போகுமுன் அவர் கையாலேயே ஷெட்டை ஜெபம் சொல்லி மந்திரித்துவிட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியது. மந்திரிக்காத கடையில் கால் வைக்க எங்களுக்கு மனம் வராது. வெறும் ஷெட்டையா மந்திரிப்பது என்று கட்டிலைப் போட்டாள், மெஷினை வைத்தாள், போர்டும் மாட்டினாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். எரியோட்டிலிருந்து வந்த என் கொழுந்தனார் பிரியாணி சாப்பிட்ட கையோடு கட்டிலில் ஏறிப் படுத்தார். "மொதப் போணி நாந்தான். முழங்காலப் பாரு தாயி."

அவள் மெஷினைப் பொருத்திக்கொண்டிருந்தபோது தொழிற்பேட்டை ஆபீசிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்து நின்றார்.

"நான் பேஷண்ட் இல்ல சார், சொந்தக்காரன்" என்று கொழுந்தனார் வேட்டியை இறக்கிவிட்டபடி எழுந்தார். எல்லோரும் சிரித்தோம். வந்தவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்.

பிறகுதான் அரசாணை வந்தது. ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த அலுவலர் இதமாகவே பேசினார்.

"கொறைச்சது நெசந்தாம்மா. அனுமதி வாங்கிட்டு மாத்துறவங்களுக்குத்தான் அது. நீங்க முன்னாடியே மாத்திட்டீங்க. உங்களுக்குப் பழைய கட்டணந்தான், மேல அபராதமும்."

"மந்திரிச்சோம் சார், அம்புட்டுதான். கட்டிலை இன்னைக்கே எடுத்துர்றோம்" என்றேன்.

"எடுத்தாலும் ஃபைல்ல ஏறிருச்சே தாயி."

படியிறங்கும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். சில வாரங்களில் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது.

"நீயும் வந்துரும்மா" என்று கேட்டாள். எப்படிப் போவேன்? ஷெட் பூட்டியே கிடந்தால் குத்தகை ரத்தாகும். அவள் திரும்பி வந்தால் அவளுக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டாமா? தினமும் நாகல் நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்த் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது.

"இன்னும் எதுக்கும்மா தொறக்குற? நான் இங்க இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஷட்டர் சத்தத்துல கேக்கலடி" என்றேன்.

நன்றாகவே கேட்டது.