பத்தொன்பதே விழுந்த பகடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நாங்கள் நால்வர் ஒரே வீட்டில் குடியிருந்தோம், ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ஞாயிறு மதியம் தூங்கி எழுந்தால் தலை வலிக்கிறது என்று நான் ஒருநாள் வாயைத் திறந்ததுதான் வினை. எங்களில் ஸ்டோர்ஸில் இருந்த பெங்களூர்க்காரர் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து போட்டார். அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் கொடுத்த விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும்: இதோ குகை, உள்ளே டிராகன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனை உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் போய் அடி வாங்க வேண்டும்.

எனக்கு விதி என்றால் உயிர். இன்ஸ்பெக்‌ஷனில் வேலை, சரியில்லாத பீஸுக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பவன். அதனால் கதை சொல்லும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

வீரனுடைய பலம், புத்தி, வேகம், வசீகரம் எல்லாம் மூன்று லூடோ பகடைகளை உருட்டி வருவது. பதினெட்டு விழுந்தால் பயில்வான், மூன்று விழுந்தால் பல்லி. பெங்களூர்க்காரருக்குப் புத்தி ஐந்துதான் விழுந்தது. இருந்தும் மந்திரவாதியாகத்தான் இருப்பேன் என்று அடம் பிடித்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பாய்க்கு வசீகரம் பதினேழு, பலம் நாலு. வீட்டில் மாட்டு வியாபாரம். "சண்டைக்கெல்லாம் நான் வரலண்ணா. வெல பேச வர்றன்" என்றான்.

வெட்டு பட்டதா இல்லையா என்று பார்க்க மட்டும் இருபது முகப் பகடை வேண்டும் என்றது அந்த ஜெராக்ஸ் புத்தகம். ஓசூரில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? நான்காமவன் கெலமங்கலத்துக்காரன், மில்லிங் மிஷினில் இருந்தான். அவன் பயிற்சிக் காலத்தை இரண்டு முறை நீட்டியிருந்தார்கள். அவன் பீஸ்களுக்குச் சிவப்பு அடித்தது வேறு யாருமில்லை, நான்தான். இன்னொரு லாட் ரிஜெக்ட் ஆனால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு மாதமாக என்னிடம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன்தான் சூப்பர்வைசரிடம் கேட்டு, தன் லாட்டில் மிஞ்சிய வார்ப்புப் பித்தளைத் துண்டு ஒன்றில் இருபது முகம் வெட்டி, நம்பர் பஞ்ச் அடித்து, பளபளவென்று கொண்டுவந்தான். பாய் அதற்கு முத்தமே கொடுத்துவிட்டான். "எப்படி இருக்குதுண்ணா?" என்று செய்தவன் என்னைக் கேட்டபோது, மைக்ரோமீட்டரைத் தேடாமல் "அருமை" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகுதான் சனி பிடித்தது. எப்படி உருட்டினாலும் பாதி நேரம் பத்தொன்பது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் வெட்டு பட்டதாகக் கணக்கு. முதல் டிராகன் ஒரே வெட்டில் செத்தது. டிராகனுக்கும் அதே பகடைதான் என்பதால், அது முந்திக்கொண்டால் வீரன் செத்தான். யார் வேகத்தில் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி. விஷயம் புரிந்ததும் எல்லோரும் பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் என் மாவீரர்கள் அத்தனை பேரும் ஒல்லிப்பிச்சான் ஓட்டக்காரர்கள் ஆனார்கள்.

பாய் வெட்டவே இல்லை. குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் செய்வதுபோல அடுத்த டிராகனின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தான். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலுக்குப் பதிலாக அதன் நகத்தைத் தொட்டு விலை பேசினான். பேரத்துக்கும் பகடைதான். பத்தொன்பது விழுந்தது. மூன்று வாரம் நான் யோசித்து வைத்திருந்த டிராகனை ஒரு கறவை மாட்டின் விலைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

பகடை சரியில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கெலமங்கலத்துக்காரனிடம் இன்னொரு முறை அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகடையை விட்டுவிட்டு விதியைத் திருத்தினேன். பத்தொன்பது விழுந்தால் கால் தடுக்கி விழுந்ததாகக் கணக்கு என்று அறிவித்தேன். அந்த ஞாயிறு முழுவதும் வீரர்களும் பூதங்களும் மாறி மாறித் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

கெலமங்கலத்துக்காரன் பகடையைக் கையில் எடுத்தான். "பத்தொம்போதுக்கு மட்டும் ஏண்ணா இப்டி?"

"புக்கில் இருக்கிறது" என்றேன்.

"இல்லா குரு, புக்கல்லி ஹாகே இல்லா" என்றார் பெங்களூர்க்காரர். புத்தகத்தில் அப்படி இல்லையாம். புத்தி ஐந்து என்றாலும் படிக்கத் தெரிந்தவர்.

அவன் பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை என் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு முன் வந்து நின்றான். பகடையைச் சரிபாதியாக அறுத்துக் கொண்டுவந்திருந்தான். வீட்டில் நான் அவனுக்கு அண்ணா, தொழிற்சாலை கேட்டுக்குள் வந்தால் சார்.

"எங்க தப்புன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா சார்? செவப்பு மட்டும் அடிச்சுத் தள்ளிடறீங்க. நானே அறுத்துப் பாத்துட்டன்."

பத்தொன்பதுக்குச் சற்றுக் கீழே, பித்தளைக்குள், உளுந்து அளவு ஒரு ஓட்டை. வார்க்கும்போதே சிக்கிய காற்று. அந்தப் பக்கம் எடை குறைவு, அதனால் அடிக்கடி மேலே வந்து நின்றிருக்கிறது. அவன் வெட்டிய முகங்களில் ஒரு குறையும் இல்லை.

அவன் பீஸ்களில் நான் பார்த்த குழிகளும் இதே மாதிரிதான் இருந்தன. வெட்டும் டூலைத் தப்பாக இறக்கிவிட்டான் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். போய், ஒதுக்கி வைத்திருந்த அவன் பீஸ்களில் நான்கை எடுத்து வந்து அறுக்கச் சொன்னேன். மூன்றில் உள்ளே ஓட்டை.

"இந்த வார்ப்பு லாட்டு கம்பெனிக்குள்ள வர்றப்போ பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு பச்ச அடிச்சது யாருங்க சார்?"

விடை தெரியாமல் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் கேட்டான்.

"நான்தான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அறுத்த துண்டுகளை அள்ளிக்கொண்டு, மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"இருங்கண்ணா" என்றான், தொழிற்சாலைக்குள்ளேயே. "அந்தாளு கத்துவாரு. கை கழுவிட்டு நானும் வர்றன்."