போய்ச் சேரும்வரை கூட்டாத வீடு

எங்கள் பக்கத்தில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை வீடு கூட்டமாட்டார்கள். பொள்ளாச்சிக்கு என்றால் ஒன்றரை மணி நேரம், சென்னைக்கு என்றால் ஓர் இரவு. அமெரிக்காவையெல்லாம் நினைத்து ஏற்படுத்திய வழக்கமில்லை இது. மகள் முதன்முதலில் அங்கே போனபோது என் மனைவி ஒன்றரை நாள் துடைப்பத்தைத் தொடவில்லை. நான் கிண்டலடித்தேன். பம்ப்செட் கம்பெனியில் காலமெல்லாம் அளவு பார்த்த ஆள், இதையெல்லாம் நம்புவேனா?

மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. இந்தத் தடவை மகளும் பேத்தியும் மூன்று வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். பீளமேடு விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்து செல்போனில் தூரம் பார்த்தேன். கோவையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் பதினான்காயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினெட்டு மணி என்று போட்டிருந்தது. சுத்தப் பொய். அப்படி நேராகப் போகிற விமானமே கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி, காத்திருந்து, மாறி, வீட்டுக் கதவைத் திறக்க முப்பது மணி நேரம் ஆகும்.

மறுநாள் காலை, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா துடைப்பத்தை எடுத்தார்.

“பாப்பா போய்ச் சேந்துட்டாங்களாங்க?”

“இன்னும் இல்லீங்க அம்மணி.”

அது உண்மை. மூன்றாம் நாளும் அதையே சொன்னேன், அது பொய். வந்து சேர்ந்துவிட்டதாக மகள் முந்தின மாலையே செய்தி அனுப்பியிருந்தாள். விமானம் தாமதம், சிங்கப்பூரில் மழை என்று அளந்துவிட்டேன். கட்டிலடியில் பேத்தியின் பென்சில் சீவல் கிடந்தது. கண்ணாடிக்குக் கீழே மகளின் தலைமுடி நாலைந்து. கூட்டிவிட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தான். நினைக்கவே பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள், அந்த அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள்.

“நாங்க வந்து மூணு நாளாச்சுங்கப்பா, குட்டி இன்னும் பகல்லதான் தூங்கறா.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. பேசி முடித்துவிட்டு நான் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கையைத் துடைத்தபடி வந்தார்.

“என்ற பையன் திருப்பூருதானுங்க. பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். அவன் போன அன்னைக்கே ஊட்டைக் கூட்டிப்போட்டனுங்க. எட்டு மாசமாச்சு, வர்ல. கூட்டாம இருந்தாலும் வந்திருக்க மாட்டானுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. கூடத்தைக் கூட்டச் சொன்னேன். மகள் தங்கியிருந்த அறையை மட்டும் நானே கூட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் துடைப்பத்தை நீட்டினார்.

பத்துக்குப் பத்து அறை. எவ்வளவோ மெதுவாகத்தான் கூட்டினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.