கார்ஹிங் ஏரிக்கு அய்தஹார் வந்த கோடை

“கார்ஹிங் ஏரியில் இறங்குவோர் கவனிக்கவும். நீண்ட காலமாக மனிதக் கண்ணில் படாத பெரும்பாம்பு ஒன்று நீரடியில் இருப்பதாக ஆய்வாளர் ஒருவர் எழுதியுள்ளார். குழந்தைகளைத் தண்ணீரில் விட வேண்டாம். தெரிந்தவர்கள் அனைவருக்கும் அனுப்பவும்.”

2006 ஜூலை 19, புதன்கிழமை என்று தேதியிட்ட இந்த மின்னஞ்சல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து எனக்கு வந்தது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது. அதில் சொல்லப்பட்ட ஏரியைத் தெரியும். மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அந்த ஆய்வாளரையும் நன்றாகத் தெரியும். நான்தான்.

உண்மையில் நான் ஆய்வாளன் இல்லை. பகலில் மென்பொருள் எழுதுகிறவன். மற்ற நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கிறவன். அந்தக் கோடையில் நான் எழுதிவைத்தது எதிர்வீட்டுக்காரர் சொன்ன கதைகளை.

அவர் கஜகஸ்தானில் பிறந்த ஜெர்மன் பெண்மணி. அவருடைய முன்னோர் எப்போதோ வோல்கா ஆற்றங்கரையில் குடியேறியவர்கள். போர்க்காலத்தில் அங்கிருந்து கஜகஸ்தானுக்கு அப்புறப்படுத்தப்பட்டவர்கள். தொண்ணூறுகளில் இவர் தாயகம் திரும்பினார். அதற்கு முன் பார்த்தே இராத தாயகம். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. என் மனைவியைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். தண்ணீரைக் கண்டால் போதும், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்ற மாட்டார், குதித்துவிடுவார்.

என் மனைவி கருவிப் பொறியியல் படித்தவள், கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்தவள். இங்கே என் விசாவில் வந்ததால் அவளுக்கு வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை. முந்தைய ஆண்டு ஜூலையில், அதே ஏரிக்கரையில், மியூனிக் தமிழர்கள் கூடும் கோடைச் சந்திப்பில் ஒரு பெண் அவளிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் இன்னொருவர், “அவங்க சும்மா வீட்லதான்” என்று பதில் சொல்லிவிட்டார். அந்தச் ‘சும்மா’வை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குளிர்காலம் முழுக்க அது எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்புக்குப் பக்கத்தில் இருந்தது. மே மாதம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரரிடம் நீச்சல் கற்றுக்கொண்டு, அடுத்த சந்திப்பில், அதே மனிதர்கள் பார்த்திருக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போவது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக என்னை நானே இப்போதும் மெச்சிக்கொள்கிறேன்.

ஏரி என்றேன். ஏரிகள் மன்னிக்க வேண்டும். கட்டட வேலைக்காகச் சரளைக்கல் தோண்டிய பெரிய பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறி நின்ற இடம். ஓரத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் கறுப்பு.

பயிற்சி முடிந்து இருவரும் துண்டு விரித்து உட்காரும்போது கதை தொடங்கும். கஜகர்களின் பெரும்பாம்புக்கு அய்தஹார் என்று பெயர். மனிதக் கண்ணில் படாமல் நூறு ஆண்டு வாழ்ந்துவிட்ட பாம்பு அய்தஹார் ஆகிவிடுமாம். கடிக்காமலே பல்லாண்டு வாழும் பாம்பின் விஷம் இறுகி மாணிக்கமாகிறது என்று நம் ஊரில் சொல்வதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன் என்று எனக்குத் தோன்றியது. பழைய கதைகளில் அய்தஹார் ஒரு மாபெரும் மரத்தில் ஏறி, உலகத்தையே நிழலால் மூடும் பறவை ஒன்றின் குஞ்சுகளைத் தின்னும். ஒரு வீரன் வந்து வெட்டுவான். நன்றியாகப் பறவை அவனைச் சுமந்து பறக்கும்.

இவர் சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வெளியே இருந்த ஏரியிலும் ஓர் அய்தஹார் இருந்தது. ஏழு தலை. பிள்ளைகள் ஆழத்துக்குப் போகாமல் இருக்க அம்மாக்கள் அதைக் கவனமாக வளர்த்தார்கள். பிறகு, எழுபதுகளில் ஒரு நாள், தெற்கே கோக்-கோல் என்ற ஏரியில் யாரோ ஒரு விசித்திர விலங்கைப் பார்த்ததாகச் சோவியத் பத்திரிகையில் செய்தி வந்தது. தண்ணீருக்கு மேலே நீண்ட கழுத்து, சின்னத் தலை, ஸ்காட்லாந்து ஏரியில் தேடிக்கொண்டிருந்த அதே ஜாடை. ஊரே அதைப் படித்தது. அந்தக் கோடைக்குள் இவர்கள் ஊர் ஏரிப் பாம்புக்கு ஆறு தலை உதிர்ந்து, மிச்சமிருந்த ஒன்றுக்குக் கழுத்து நீண்டுவிட்டது. அம்மாக்களும் சத்தமில்லாமல் புதிய பாம்புக்கு மாறிக்கொண்டார்கள். கோக்-கோல் ஏரிக்கு அடியில் சுரங்கம் போன்ற வழிகள் இருப்பதாகவும், அவை நீரை உறிஞ்சும்போது சுழலும் ஊளைச் சத்தமும் எழுவதாகவும் பிற்பாடு விளக்கம் சொன்னார்களாம். விளக்கத்தை யாரும் அம்மாக்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பழங்கதை புதுக்கதையாக மாறிய நொடியில் அங்கேயே நின்று பார்த்த மனிதர் என் எதிர்வீட்டில் இருக்கிறார். எந்த வருடம் கழுத்து நீண்டது, எந்த மாதம் என்று துளைத்தெடுத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “வருடம் தெரிந்தால் அது கதை இல்லை, வரி ரசீது.”

ஜூலை தொடக்கத்தில் இதையெல்லாம் நீண்ட கட்டுரையாக்கி எங்கள் தமிழ் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். அடிக்குறிப்புகளோடு. என் வாதம் இதுதான்: பழைய அய்தஹாரைக் கொல்ல ஒரு வீரன் தேவைப்பட்டான், ஏரிக்குள் குடிபோன புதியதற்குச் சாட்சி ஒருவன் போதும். அவனும் புகைப்படம் எடுக்கத் தவறியவனாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசிப் பத்தியில், நாம் சந்திக்கும் ஏரியில் இப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னால் நம்ப எவ்வளவு காலம் ஆகும் என்று ஒரு கேள்வியை விளையாட்டாக வைத்தேன்.

யாரோ ஒரு நல்லவர் கட்டுரை மிக நீளம் என்று கருதி, நம்மைப் பற்றிய பகுதியை மட்டும், அதாவது அந்தக் கடைசிப் பத்தியை மட்டும், நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நண்பர்களில் ஒருவர் அதையும் சுருக்கியிருக்கிறார். கஜகஸ்தான் போயிற்று, பத்திரிகை போயிற்று, என் கேள்வியும் போயிற்று. பாம்பு மட்டும் இருந்தது. அப்படித்தான் அது ஸ்டுட்கார்ட் வரை போய் எனக்கே திரும்பி வந்தது.

அந்தச் சனிக்கிழமை மியூனிக் ரயில் நிலையம் அருகே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் நடத்தும் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

“தம்பி, நீங்கள் கார்ஹிங் பக்கம்தானே? உந்தக் குளத்துப் பக்கம் போகாதேங்கோ.”

ஏன் என்று கேட்டேன்.

“பாம்பு, தம்பி. ஆரோ கஜகஸ்தானிலை இருந்து குட்டியாக் கொண்டுவந்து விட்டவையாம். இப்ப தலையிலை மாணிக்கம் இருக்காம். இருட்டினா வெளிச்சம் தெரியுதாம்.”

மாணிக்கத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அது எனக்குள் தோன்றியதோடு சரி. கஜகஸ்தானும் வேறு ஏதோ வழியாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன்.

“ஆரோ ஒரு ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். பெரிய படிப்பாளியாம்.”

“அண்ணே, அது நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கறிவேப்பிலையைப் பையில் போட்டார்.

“பகிடி விடாதேங்கோ” என்றார்.

திரும்பும் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த அம்மையார் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் கஜகப் பாம்பு தமிழ்ப் பாம்பாகிவிட்டது. அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காத்திருந்து பார்ப்பதை நான் ஒரு கட்டு கறிவேப்பிலையோடு பார்த்துவிட்டேன். இதை மனைவியிடம் சொல்ல மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

அவள் சிரிக்கவில்லை. சந்திப்பை நடத்துபவர் சற்றுமுன் தொலைபேசியில் பேசியிருந்தார். குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி இந்த ஆண்டு ஏரி வேண்டாம், மேசைப்பந்து வசதியுள்ள பூங்கா ஒன்றில் கூடலாமா என்று யோசிக்கிறார்களாம்.

“பூங்காவுல நான் எங்க நீந்துறது? மேசைக்கு மேலயா?” என்றாள்.

உடனே உட்கார்ந்து மறுப்பு எழுதினேன். ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து வந்தது, எங்கே திரிந்தது, எல்லாம் தேதிவாரியாக. முதல் பதில் சிறிது நேரத்திலேயே வந்தது: நெருப்பில்லாமல் புகையாது. இரண்டாவது பதில் இன்னும் நியாயமானது: பாம்பே இல்லை என்றால் இவர் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறார்?

கடைசியில் அவளே நடத்துபவரை அழைத்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். பாம்பு இருக்கிறதா இல்லையா என்று அவள் வாதாடவே இல்லை. “இருக்குன்னே வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை நான் அதுக்கு மேல நீந்திப் போறேன். பாக்கணும்னா வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேசைப்பந்தை யாரும் அதற்குப் பிறகு நினைக்கவில்லை. எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். எந்த ஆண்டும் வராதவர்களும் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை மாலை, கண்ணாடி போன்ற ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் என்னிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொன்னாள். இதுவரை ஒருமுறைகூட அவள் நடுவைக் கடந்ததில்லை. கறுப்பு தொடங்கும் இடத்தில் திரும்பிவிடுகிறாள்.

“எழுதினது நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா அங்க கால் கீழ தொங்குறப்போ உங்க அடிக்குறிப்பா ஞாபகம் வரும்?”

எதிர்வீட்டுக்காரருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் சட்டென்று, ஏதோ மருந்துக் கடைக்காரர் மாதிரி, தீர்வைச் சொன்னார். அய்தஹார் எப்படி உண்டாகிறது? யாரும் பார்க்காததால். நீ தலையைத் தண்ணீருக்கு மேலே வாத்து மாதிரி தூக்கிக்கொண்டு நீந்துகிறாய். கீழே இருப்பது உன் கண்ணில் படாமலே வளர்ந்துகொண்டிருக்கிறது. முகத்தை உள்ளே விடு. கண்ணைத் திற. “பார்த்துவிட்டால் அது வெறும் பாம்பு” என்றார். தன் பையிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்து அவள் தலையில் மாட்டி, பின்பட்டையைச் சரிசெய்தார். இருட்டும் வரை இருவரும் முகத்தை நீரில் விட்டு மூச்சுவிடும் பயிற்சி செய்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தாள்.

ஜூலை 30, ஞாயிறு. வெயில். கரை முழுக்கத் தமிழர்கள். தயிர்சாதம், ஐஸ் பெட்டி, தொலைநோக்கியோடு ஒருவர். கடைக்கார அண்ணன் ஒரு பெரிய பாத்திரம் நிறைய வடையோடு வந்திருந்தார். குழந்தைகள் தண்ணீரிலிருந்து மரியாதையான தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு ‘சும்மா’ என்று சொன்னவர் முன்வரிசையில் நின்றார்.

அவள் யாரையும் பார்க்காமல் இறங்கினாள். எதிர்வீட்டுக்காரர் சற்றுப் பின்னால் நீந்தினார். கறுப்பு தொடங்கும் இடம் வந்தது. அங்கே அவள் நின்றுவிட்டாள். முகம் நீருக்குள் இருந்தது. முதுகு மட்டும் வெளியே, அசையாமல்.

“தங்கச்சி ஏன் நிக்குது?” என்றார் அண்ணன், வடையைக் கையில் வைத்தபடி.

நான் சட்டையோடு ஓரத்தில் இறங்கிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. அந்த விவரம் அப்போது நினைவில் இல்லை. பின்னால் இருந்த எதிர்வீட்டுக்காரர் எங்களை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினார்: பொறு. அவள் தலையைத் தூக்கி ஒரு பெரிய மூச்சு வாங்கினாள். மறுபடி முகத்தை உள்ளே விட்டாள். கைகள் விரிந்தன. கறுப்பின் மேல் ஒரே கோடாகப் போனாள்.

கரையைச் சுற்றி ஒரு கூட்டமே ஓடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாணல் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி பதிந்த வட்டங்களோடு, முகம் முழுக்கச் சிரிப்பு.

“கீழ ஒண்ணு போச்சு. நீளமா, கறுப்பா. நான் அதைப் பாத்தேன். அது என்னைப் பாத்துச்சு.”

“எவ்ளோ நீளம்?” என்று கேட்டேன். கரையே சிரித்தது. அவள் ஒரு கையை நீட்டி, தோளைத் தொட்டுக் காட்டினாள்.

அண்ணன் முதல் வடையை அவளுக்குக் கொடுத்தார். ‘சும்மா’காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தனக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் மனைவி மென்றுகொண்டே யோசித்தாள். வாரநாளில் தனக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

செப்டம்பரில் கடைக்குப் போனபோது அண்ணன் இன்னொருவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாம்பு வாயைத் திறந்ததாம். தங்கச்சி அதன் கண்ணைப் பார்த்து நின்றவ எல்லோ, அதுதான் பாம்பு விலகிவிட்டதாம். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஏரிக்குள் குடிபோனபோது அய்தஹார் தொலைத்த வீரன் திரும்பி வந்துவிட்டான். கோயம்புத்தூர்க்காரி, நீச்சல் கண்ணாடியோடு. என் கட்டுரையின் வாதம் அந்தக் கடையிலேயே உடைந்தது. மகிழ்ச்சியோடு திருத்திக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரரின் விதிக்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பார்த்துவிட்டால் வளராது என்றார். ஜூலையில் ஒரு கை நீளம் இருந்தது தீபாவளி விருந்தில் என் மனைவி சொல்லும்போது ஓர் ஆள் நீளம் ஆகியிருந்தது. பெரிய கெளுத்தி மீனாக இருக்குமோ என்று ஏரியில் தூண்டில் போடும் இருவரிடம் விசாரித்தேன். இங்கே கெளுத்தி மீன் விட்டதே இல்லை என்றார் ஒருவர். விட்டவன் வெளியே சொல்ல மாட்டான் என்றார் மற்றவர். மூழ்கிக் கிடக்கும் மரமாகவும் இருக்கலாம். ஆனால் மரம் திரும்பிப் பார்க்காது என்கிறாள் அவள். 2006 ஜூலை 30 அன்று ஏரியின் நடுவில் அவளுக்குக் கீழே போனது எது என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.